நாலு லட்சம் படிப்பு... பன்னிரண்டாயிரம் சம்பளம்!

பிளஸ் டூ முடித்த மகளை நர்சிங் சேர்க்கலாமா? அலங்காநல்லூர் வட்டாரத்திலிருந்து ஒரு கூட்டல் கழித்தல்

தை மாதம். அலங்காநல்லூர் வாடிவாசலிலிருந்து காளை பாய்கிறது. மேடையிலிருந்து மைக்கில் பரிசுகள் அடுக்கப்படுகின்றன: அண்டா, சைக்கிள், தங்கக் காசு. நாள் முடிவில் அதிக மாடு பிடித்தவருக்குக் கார், நின்று விளையாடிய காளைக்கு டிராக்டர். டி.வி. கேமராக்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கின்றன.

இந்தப் பக்கம், கேலரிக்குப் பின்னால், சுகாதாரத் துறையின் முதலுதவிக் கூடாரம். தொடையில் கொம்பு கிழித்த ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஓடி வருகிறார்கள். மண்ணும் ரத்தமும் ஒட்டிய காயத்தைக் கழுவி, அழுத்திப் பிடித்து, கட்டுப் போட்டு, ஊசி குத்தி, ‘இது இங்க ஆகாது, பெரியாஸ்பத்திரிக்கு ஏத்துங்க’ என்று டாக்டர் சொன்னதும் 108-இல் ஏற்றி விடுகிற வரை அவன் கையைப் பிடித்திருப்பவர் ஒரு நர்ஸ். இருட்டும் வரை இதே வேலை.

ஊரே பரிசுத் தொகையைக் கணக்குப் போடும் நாளில், அவருடைய மாதச் சம்பளத்தை யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. அவர் அரசின் நிரந்தர ஸ்டாஃப் நர்ஸ் என்றால் தொடக்கத்திலேயே படிகளோடு சேர்த்து 50 ஆயிரத்தைத் தாண்டும். தொகுப்பூதிய நர்ஸ் என்றால் 18 ஆயிரம். மதுரையின் சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் என்றால் 10, 12 ஆயிரம். படிப்பும் வேலையும் ஒன்றுதான்.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டி பக்கத்து வீடுகளில் இந்தக் கேள்விதான் ஓடுகிறது. பஸ்ஸின் பின்கண்ணாடி, கரண்ட் கம்பம், ஜெராக்ஸ் கடைக் கதவு என எங்கு பார்த்தாலும் ‘நர்சிங் அட்மிஷன் நடைபெறுகிறது, 100 சதவிகித வேலைவாய்ப்பு’. ஊரின் கூட்டுறவு சர்க்கரை ஆலை பல ஆண்டுகளாக ஓடவில்லை. கரும்பு போட்ட குடும்பங்கள் நெல்லுக்கும் தென்னைக்கும் மாறிவிட்டன. மாதச் சம்பளம் என்றாலே மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ‘நர்சுக்குப் படிச்சா சோத்துக்குப் பஞ்சமில்ல’ என்பது இங்கே பெரியவர்கள் வாக்கு. சோற்றுக்குப் பஞ்சமில்லைதான். கடனை அடைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

எந்த நர்சிங்?

‘நர்சிங்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாலும், அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத படிப்புகள் இருக்கின்றன. நஷ்டப்படும் பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடத்தில்தான் முதல் அடியைத் தவறாக வைக்கின்றன.

▣ பெட்டிச் செய்தி: படிப்பும் வாசலும்

ஏ.என்.எம்.: 2 ஆண்டு. கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கான படிப்பு. 2023-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) 2,250 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டபோது சம்பள விகிதம் ரூ.19,500 – 62,000.

ஜி.என்.எம். எனும் நர்சிங் டிப்ளமோ: 3 ஆண்டு. ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாம்.

பி.எஸ்சி. நர்சிங்: 4 ஆண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை, நீட் தேவையில்லை.

போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.: ஜி.என்.எம். முடித்தவர்கள் பட்டதாரி ஆக 2 ஆண்டு.

முடித்ததும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் சட்டப்படி நர்ஸ்.

இந்தப் பெட்டிக்கு வெளியே ஒரு படிப்பு இருக்கிறது. விளம்பரப் பலகைகளில் பெரிதாக இருப்பது அதுதான். ‘ஓராண்டு நர்சிங்’, ‘நர்சிங் அசிஸ்டென்ட் டிப்ளமோ’, ‘ஹெல்த் அசிஸ்டென்ட்’ எனப் பல பெயர்கள். மாடிப்படி ஏறினால் இரண்டு அறை, ஒரு பொம்மை, ஒரு பி.பி. கருவி. பத்தாம் வகுப்பு பாஸா ஃபெயிலா என்பதுகூடப் பொருட்டில்லை. ஃபீஸை மாதத் தவணையில் கட்டலாம். வெள்ளைக் கோட்டும் கொடுப்பார்கள். இதை முடித்தவர்களைக் கவுன்சில் பதிவு செய்யாது. எம்.ஆர்.பி. தேர்வு எழுத முடியாது. துபாய்க்கும் போக முடியாது. சின்ன கிளினிக்குகளில் 7, 8 ஆயிரத்துக்கு உதவியாளராக நிற்கலாம். பத்து வருஷம் கழித்தும் அதே இடத்தில் நிற்கலாம்.

உதவியாளர் வேலை கேவலம் என்று சொல்லவில்லை. முதியோரைப் பார்த்துக்கொள்ளவும், ஆஸ்பத்திரிகளில் நோயாளியைக் குளிப்பாட்டவும் ஆட்கள் வேண்டும். அதற்குப் பயிற்சியும் வேண்டும். ஆனால் அதை ‘நர்ஸ்’ என்று சொல்லி விற்பது ஏமாற்று. ஃபீஸ் குறைவு என்பதால் இது மலிவான படிப்பு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். என் கணக்கில் இருப்பதிலேயே விலை உயர்ந்த படிப்பு இதுதான். கொடுத்த பணத்தோடு பெண்ணின் ஒரு வருஷமும் போகிறது, அடுத்த படிக்கட்டும் கிடையாது.

ஒரு வீட்டின் கணக்கு

அரசு இடம் கிடைத்தவர்களுக்குக் கணக்கே வேண்டாம். மதுரை மருத்துவக் கல்லூரியின் நர்சிங் கல்லூரியிலோ, அரசு நர்சிங் பள்ளியிலோ இடம் கிடைத்துவிட்டால் ஃபீஸ் ஒரு குடும்பத்தைச் சாய்க்காது. மூன்று நான்கு வருஷமும் பெரியாஸ்பத்திரி வார்டுகளில் பயிற்சி. தென் மாவட்டங்களின் அத்தனை கேஸும் வந்து சேரும் இடம் அது. அங்கே கை பழகிய பெண் எந்த ஆஸ்பத்திரியிலும் திணறமாட்டாள். இடங்கள்தான் கம்மி. கட்-ஆஃப் ஏறிக்கொண்டே போகிறது.

மீதிப் பேர் தனியார் வாசலுக்குப் போகிறார்கள். அங்கே ஆண்டுக் கட்டணம் 50 ஆயிரத்தில் தொடங்கி ஒன்றரை லட்சம் வரை போகிறது. கவுன்சிலிங் வழியாக அரசு ஒதுக்கீட்டில் போனால் ஒரு ரேட், மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் இன்னொரு ரேட். ஹாஸ்டல், சீருடை, புத்தகம், ரெக்கார்டு நோட்டு, பயிற்சிக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் கட்டணம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் ‘அது தனிங்க’ என்ற இரண்டு வார்த்தையில் அடங்கிவிடும்.

நடுத்தரமாக ஒரு கணக்குப் போடுவோம். வருஷம் ஒரு லட்சம், நாலு வருஷம், முழுவதும் வங்கிக் கடன். பிணை கேட்காமல் நாலு லட்சம் வரை கல்விக் கடன் கொடுப்பது வங்கிகளின் பொதுவான முறை. படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 10 சதவிகிதத் தனிவட்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒரு லட்சமாக வாங்கிய தொகைக்கு ஐந்தாம் வருஷ முடிவில் வட்டி மட்டும் 1 லட்சத்து 40 ஆயிரம். ஆக, முதல் தவணை கட்ட உட்காரும் நாளில் கடன் 5 லட்சத்து 40 ஆயிரம். பதினைந்து வருஷத்தில் அடைப்பதாக எழுதிக் கொடுத்தால் மாதத் தவணை சுமார் 5,800 ரூபாய். பத்து வருஷம் என்றால் 7,100-க்கு மேல்.

இப்போது முதல் சம்பளத்துக்கு வருவோம். மதுரையில் தனியார் ஆஸ்பத்திரிகளில் புதிதாகச் சேரும் நர்சுக்கு 10 ஆயிரத்திலிருந்து 18 ஆயிரம் வரை என்பதுதான் பொதுவாகக் காதில் விழும் எண். பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகள் மேல் முனையில், இருபது முப்பது படுக்கை நர்சிங் ஹோம்கள் கீழ் முனையில். 12 ஆயிரம் என்று எடுத்துக்கொள்ளலாம். முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடித்தால் 1,440, இ.எஸ்.ஐ. 90. கைக்கு வருவது 10,470. அலங்காநல்லூர் இருபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் இரவு டியூட்டியும், எட்டு மணிக்கு முடிகிற மதிய டியூட்டியும் இருப்பதால் பல பெண்கள் மதுரையில் ஹாஸ்டலில் தங்குகிறார்கள். தங்கவும் சாப்பிடவும் 5,000. மிச்சம் 5,470.

தவணையோ 5,800. சோப்பு, சீப்பு, செல்போன் ரீசார்ஜ் எதுவும் வாங்காமலேயே மாதம் 330 ரூபாய் துண்டு விழுகிறது.

அம்மாவின் கூலியோடு ஒப்பிட்டால் இன்னும் உறைக்கும். 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். 10 ஆயிரம் சம்பளத்துக்கு 26 நாள் வேலை செய்யும் நர்சுக்கு ஒரு நாளுக்கு 385 ரூபாய் கிடைக்கிறது. நாலு வருஷப் படிப்பு, நாலு லட்சம் செலவு, உயிரைக் காக்கும் பொறுப்பு. இத்தனைக்கும் கிடைத்த கூடுதல் 49 ரூபாய்.

▣ பெட்டிச் செய்தி: கடன் வாங்குமுன்

ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் சேரும் கல்விக் கடன் வட்டியை மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஏற்கிறது. நர்சிங்கைப் பொறுத்தவரை கவுன்சில் அங்கீகாரம் இருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 1.4 லட்சம் மிச்சம். பதினைந்து வருஷத் தவணை 5,800-லிருந்து 4,300 ஆகும்.

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வருமான வரம்பு 2.5 லட்சம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்த உரிமை போய்விடும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய திட்டம்.

தட்டுப்பாடு என்கிறார்கள், சம்பளம் ஏன் ஏறவில்லை?

ஆயிரம் பேருக்கு 3 நர்சுகள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலாகச் சொல்லப்படுவது. இந்தியாவில் 1.96 என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். உலக அளவில் 58 லட்சம் நர்சுகள் பற்றாக்குறை என்கிறது அந்த நிறுவனத்தின் 2025 அறிக்கை. ஆள் இல்லை என்றால் கூலி ஏறும். நாற்று நடவுக்கு ஆள் கிடைக்காத வருஷம் அலங்காநல்லூர் விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். நர்சுக்கு மட்டும் ஏன் ஏறவில்லை?

முதல் காரணம், இங்கே தட்டுப்பாடு நர்சுக்கு இல்லை, பணியிடத்துக்கு. வார்டில் எட்டு நர்ஸ் வேண்டிய இடத்தில் மூன்று பேரை வைத்து ஓட்டினால், நாட்டுக்கு ஐந்து நர்ஸ் குறைவு என்று அறிக்கை எழுதலாம்; ஆனால் வெளியே வேலை தேடி நிற்கும் ஐந்து பேருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

இரண்டாவது, மேலே சொன்ன ஓராண்டு படிப்புக்காரர்கள். ஊசி போடவும் டிரிப் ஏற்றவும் 7 ஆயிரத்துக்கு ஆள் கிடைக்கும்போது, பதிவு பெற்ற நர்சுக்கு 15 கொடுக்கச் சின்ன ஆஸ்பத்திரி முதலாளிக்கு மனசு வராது. அந்தப் பெண்ணும் ஏமாந்தவள், இந்தப் பெண்ணும் ஏமாந்தவள். நோயாளியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நர்சிங் மாணவிகள். நர்சிங் கல்விக்குச் சொந்த ஆஸ்பத்திரி வேண்டும், மாணவி ஒருவருக்கு மூன்று படுக்கை என்ற கணக்கில் நோயாளிகள் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. நல்ல விதி. ஆனால் சில இடங்களில் அது தலைகீழாக வேலை செய்கிறது. வார்டு முழுக்கச் சீருடை மாணவிகள். அவர்கள் ஃபீஸ் கட்டி வேலை செய்கிறார்கள். சம்பளம் வாங்கி வேலை செய்கிற ஆட்களுக்கு அங்கே எத்தனை இடம் இருக்கும்?

நாலாவது, அனுபவச் சான்றிதழ். வளைகுடா நாடுகளுக்குப் போக இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள். அந்தத் தாளுக்காகத்தான் புதிதாக வரும் பெண்கள் சேர்கிறார்கள் என்பது ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் தெரியும். ‘இங்க கத்துக்கிட்டு ரெண்டு வருஷத்துல ஓடிப்போற பிள்ளைக்கு எதுக்கு இருபதாயிரம்?’ என்பது நிர்வாகத் தரப்பு நியாயம். இருபதாயிரம் கொடுத்தால் ஓடமாட்டாள் என்பது என் நியாயம்.

பத்து வருஷமாகத் தூங்கும் அட்டவணை

நர்சுகளின் சம்பளம் பற்றி நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் பேசாமல் இல்லை. இந்தியப் பயிற்சி பெற்ற நர்சுகள் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2016 ஜனவரி 29-இல் உச்ச நீதிமன்றம், தனியார் நர்சுகளின் நிலையை ஆராய ஒரு குழு அமைக்கச் சொன்னது. குழுவும் அந்த ஆண்டே பரிந்துரைகளைக் கொடுத்துவிட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் அரசு நர்சுக்குச் சமமான சம்பளம். 100 படுக்கைக்கு மேல் என்றால் அதைவிட 10 சதவிகிதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவிகிதம். 50-க்குக் கீழே இருக்கும் நர்சிங் ஹோமாக இருந்தாலும் 20 ஆயிரத்துக்குக் குறையக்கூடாது.

அதாவது மதுரையில் இன்று 12 ஆயிரம் வாங்கும் பெண்ணுக்கு, 2016-லேயே 20 ஆயிரம் கொடுத்திருக்க வேண்டும். நிறைவேற்றும் பொறுப்பு மாநிலங்களின் தலையில் விழுந்தது. பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது.

பக்கத்து மாநிலத்தில் அப்படிக் கிடக்கவில்லை. கேரளத்தில் 2011-இல் திருச்சூரில் தொடங்கிய ஐக்கிய நர்சுகள் சங்கம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக வேலைநிறுத்தம் செய்தது. 2018 ஏப்ரலில் நர்சுகள் நெடும்பயணம் கிளம்பவிருந்த வேளையில், தனியார் நர்சுகளுக்குக் குறைந்தபட்சம் 20 ஆயிரம் என்று கேரள அரசு அறிவிக்கை வெளியிட்டது. முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள், முழுதாக எல்லா இடத்திலும் அமலானதா என்ற சண்டை ஓயவில்லை. ஆனாலும் பேரம் பேச அங்கே ஒரு எண் இருக்கிறது. குமுளி மலைக்கு இந்தப் பக்கம் அந்த இருபதாயிரம் இல்லை.

அரசு வேலை: 7,700 முதல் 18,000 வரை

‘நம்ம பிள்ளைக்கு கவர்மென்ட் வேலை கெடச்சிட்டா?’ என்ற நம்பிக்கையில்தான் பாதி வீடுகள் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகின்றன. அந்த நம்பிக்கையின் அண்மை வரலாறு இது.

2015-இல் எம்.ஆர்.பி. முதல் முறையாகப் போட்டித் தேர்வு வைத்து 7,243 நர்சுகளை எடுக்க அறிவித்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று எதிர்பார்த்துச் சேர்ந்தார்கள். இரண்டு வருஷம் முடிந்தது. நிரந்தரமானவர்கள் கொஞ்சம் பேர்தான். 2017 நவம்பர் கடைசியில் ஆயிரக்கணக்கான நர்சுகள் சென்னையில் சுகாதாரத் துறையின் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு வேலைக்குத் திரும்பச் சொன்னது. பிறகு 14 ஆயிரம் ஆனது, அதன்பின் 18 ஆயிரம் ஆனது. நிரந்தரம் மட்டும் சிறு சிறு தவணைகளில் வருகிறது.

கொரோனா வந்தபோது தற்காலிகமாக நர்சுகளை எடுத்தார்கள். வார்டுக்குள் கவச உடையில் வெந்து வேலை செய்தவர்களுக்கு நாடே கை தட்டியது. 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவர்களில் 2,472 பேருக்குப் பணி நீட்டிப்பு இல்லை என்று அரசாணை வந்தது. வருஷப் பிறப்பு அன்று தெருவில் நின்றார்கள். மாவட்டச் சுகாதாரச் சங்கங்கள் வழியாக 18 ஆயிரம் சம்பளத்தில் வேலை தருவதாகப் பின்னர் அரசு சொன்னது. அதுவும் தற்காலிகம்.

ஆகவே அரசு வேலை கிடைத்தாலும் முதல் சில வருஷங்களுக்கு வீட்டில் 50 ஆயிரம் வராது, 18 ஆயிரம்தான் வரும் என்று கணக்குப் போடுவதே பத்திரம். இந்த விஷயத்தில் மாநில அரசைவிட மத்திய அரசு நிறுவனங்கள் நேர்மையாக இருக்கின்றன. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளின் பொதுத் தேர்வான நார்செட் எழுதித் தேறினால் நர்சிங் ஆபீசரின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900. பி.எஸ்சி. போதும்; ஜி.என்.எம். என்றால் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும். 80 சதவிகித இடம் பெண்களுக்கு. தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரி 27-இல் அடிக்கல் நாட்டியதிலிருந்து அதைப் பற்றி மதுரை பேசாத நாளில்லை. அந்தத் தேர்வுக்குத் தயார்ப்படுத்தும் பேச்சு நம் நர்சிங் கல்லூரிகளில் அந்த அளவுக்கு இல்லை. ராணுவ நர்சிங் கல்லூரிகள் இன்னொரு வழி. நீட் எழுத வேண்டும், நாடு முழுக்க 220 இடங்கள், பெண்களுக்கு மட்டும். படிப்பு இலவசம், முடித்ததும் அதிகாரிப் பதவி, ஒப்பந்தப்படி பணியாற்ற வேண்டும். பாலமேட்டுப் பெண் லெப்டினென்ட் ஆக அது ஒரு கதவு. தட்டுபவர்கள் குறைவு.

கண்ணாஸ்பத்திரி வழி

மதுரையில் ஃபீஸே இல்லாத ஒரு பாதையும் இருக்கிறது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகையும் கொடுத்து, தானே வேலைக்கும் வைத்துக்கொள்கிறது. கண் பரிசோதனை, அறுவை அரங்க உதவி, நோயாளி ஆலோசனை என்று அந்த ஆஸ்பத்திரியின் முதுகெலும்பே இந்தப் பெண்கள்தான். வெளிநாட்டு நிர்வாகக் கல்லூரிகள் பாடமாக வைத்திருக்கும் ஆஸ்பத்திரி அது.

கடன் இல்லாமல் தொடங்குவது என்பது ஐந்து லட்சம் முன்னால் நிற்பதற்குச் சமம். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது: அந்தப் பயிற்சி கண் மருத்துவத்துக்கானது, கவுன்சில் பதிவு பெற்ற நர்ஸ் ஆவதற்கானது இல்லை. அங்கிருந்து வெளியே வந்து பொது ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. இது தெரிந்து சேர்ந்தால் நல்ல வழி.

திக்ரித்தில் தெரிந்தது

நர்சிங் கடன் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை 2014-இல் உலகமே பார்த்தது. ஈராக்கின் திக்ரித் நகரில் ஐ.எஸ். படைக்கு நடுவே 46 இந்திய நர்சுகள் சிக்கினார்கள். ஏறக்குறைய எல்லோரும் கேரளப் பெண்கள், ஒருவர் தூத்துக்குடிக்காரர். குண்டுச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தும், தொடக்கத்தில் அவர்களில் பலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள். சம்பள பாக்கி வரவில்லை, வீட்டில் படிப்புக் கடனும் ஏஜென்ட் கடனும் காத்திருந்தன. ஜூலை 5-ஆம் தேதி எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள்.

அடுத்த வருஷமே, வளைகுடா உள்ளிட்ட சில நாடுகளுக்கு நர்சுகளை அரசு முகமைகள் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்த முகமை, 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ‘மூணு லட்சம் கொடுங்க, குவைத் விசா ரெடி’ என்று ஊருக்குள் சுற்றுகிறவரிடம் கையெழுத்துப் போடுமுன் அந்த நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது நல்லது.

வெளிநாடு போனால் கணக்கு மாறிவிடும் என்பது உண்மைதான். கடனை இரண்டு மூன்று வருஷத்தில் அடைத்து, வீடு கட்டியவர்கள் நம் பக்கத்தில் உண்டு. ஆனால் அதற்கும் மொழி என்றொரு செலவு இருக்கிறது. பிரிட்டன் போக ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் வாசிப்பு, கேட்பு, பேச்சில் 7, எழுத்தில் 6.5 வேண்டும். ஜெர்மனிக்கு அந்த ஊர் மொழியில் பி-1, பி-2 வரை தேற வேண்டும். தமிழ் வழியில் படித்த பெண்ணுக்கு இது முடியாததல்ல; ஒரு வருஷமாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்த ஒரு வருஷமும் தவணை ஓடும்.

ஹாஸ்டல் கட்டிலும் கல்யாணப் பேச்சும்

காசுக் கணக்கில் வராத சில விஷயங்களும் வீட்டுக்குள் பேசப்படுகின்றன. ‘நைட் டியூட்டி பாக்குற பொண்ணா?’ என்று மாப்பிள்ளை வீட்டார் இழுப்பது இன்னும் நிற்கவில்லை. கல்யாணத்துக்கு முன் சம்பாதித்தது கடனுக்குப் போய்விடுகிறது. கல்யாணத்துக்குப் பின், ‘இந்தப் பன்னெண்டாயிரத்துக்கா ராத்திரி எல்லாம் கண்ணு முழிக்கணும்?’ என்று வீட்டில் உட்கார வைத்துவிடுகிறார்கள். குழந்தை பிறந்ததும் நிலைமை முடிவாகிவிடுகிறது. கடன் மட்டும் அப்பா பேரில் ஓடுகிறது. ஐந்து லட்சம் செலவு செய்து உருவான ஒரு நர்ஸ், அலங்காநல்லூரில் ஒரு மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பது யாருக்கு லாபம்?

சம்பளம் 20 ஆயிரமாக இருந்தால் அதே மாமியார் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு மருமகளை டியூட்டிக்கு அனுப்புவார். நம் ஊரில் மரியாதைக்கும் சம்பளத்துக்கும் இருக்கும் உறவு அப்படி.

சேர்க்கலாமா, வேண்டாமா?

இந்தக் கட்டுரையின் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அரசு இடம் கிடைத்தால் ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். அரசு ஜி.என்.எம்.மா, தனியாரில் கடன் வாங்கி பி.எஸ்சி.யா என்று நின்றால், ஜி.என்.எம். பக்கம்தான் நான் நிற்பேன். தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டுக்கும் முதல் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, எம்.ஆர்.பி. தேர்வை இரண்டு பேரும் எழுதலாம். கையில் காசு சேர்ந்ததும் போஸ்ட் பேசிக் படித்துப் பட்டதாரி ஆகிக்கொள்ளலாம்.

தனியார் பி.எஸ்சி. என்றால் கவுன்சிலிங் வழியாக, அரசு ஒதுக்கீட்டில். சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, அதில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். வெளிநோயாளிப் பிரிவில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். போன வருஷம் முடித்த பெண்களில் நாலு பேரின் போன் நம்பர் கேளுங்கள். கொடுக்கத் தயங்கும் கல்லூரியின் ‘100 சதவிகித வேலைவாய்ப்பு’ எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். ஒரிஜினல் மார்க் ஷீட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கடன் வாங்கிச் சேர்ப்பதை, குடும்பத்தில் வேறு வருமானம் இல்லாதவர்கள் தவிர்த்துவிடுங்கள். ஓராண்டு நர்சிங்குக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அரசுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். 2016 பரிந்துரையைத் தூசி தட்டி, தனியார் நர்சுக்கு அதில் சொன்ன குறைந்தபட்சச் சம்பளத்தை அறிவிக்கையாக வெளியிடுங்கள். கேரளம் செய்ததைத் தமிழ்நாடு செய்யத் தடையாக எந்தச் சட்டமும் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: எந்தெந்தப் பள்ளி, கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டு என்ற பட்டியலை இந்திய நர்சிங் கவுன்சில் கல்வியாண்டு வாரியாக வெளியிடுகிறது. அட்வான்ஸ் பணத்தை எண்ணுமுன் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குப் பார்க்கத் தெரியாவிட்டால், பிளஸ் டூ முடித்த உங்கள் மகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.